அறுபதில் முப்பத்தொன்றாவது கார்

செரியா, புருணை
5 செப்டம்பர் 1982

அன்புள்ள பிலோவுக்கு,

நான் நலம். நீயும் ஜோதியும் நலம்தானே?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கார் எஞ்சினைப் பதினைந்து நிமிடம் ஓட விடுகிறாயா? கணக்குக் காட்டுவதற்காக ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடாதே. கியரில் மட்டும் போட்டுவிடாதே. தார்ப்பாயை எடுத்த பிறகு தூசியைத் துணியால் தட்டு, தேய்க்காதே. பக்கத்தில் தனசேகரன் மாவு மில்லில் மிளகாய் அரைக்கிற நாளில் கொட்டகைக் கதவைச் சாத்தி வைக்கச் சொல். போன தடவை வந்தபோது சீட்டில் உட்கார்ந்ததும் தும்மல் வந்தது.

இங்கே என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒரு கார் பத்திரிகை கொடுத்தார். நம்முடையதைப் போல எண் பொறித்து வந்த ஸ்பெஷல் எடிஷன் ஸ்போர்ட்ஸ் கார்கள், நாலு கதவு வைத்தவைகூட, இங்கிலாந்தில் விலை ஏறத் தொடங்கிவிட்டனவாம். சாதாரணக் கார் வருடத்துக்கு வருடம் இறங்கும். இது கொஞ்ச நாள் இறங்கி, பிறகு ஏறும். ஆனால் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். டாஷ்போர்டில் ‘31/60’ என்று பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறதே, அதுதான் உயிர். சிங்கப்பூருக்கு வந்ததே அறுபது கார்தான். தாம்சன் ரோடு ரேஸ் நடந்த கடைசி வருடம் நான் வரிசையில் நின்று வாங்கியது. உன் அண்ணன்மார் என்னைப் பார்த்து, “வீடு வாங்க வக்கில்ல, காரு வாங்கிட்டாரு” என்று சிரித்தது எனக்கு மறக்கவில்லை. அவர்கள் வாய் அடைபடுகிற நாள் வரும்.

நான் கடைசியாகப் பார்த்தபோது மீட்டரில் 9,412 மைல். அது அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு கடிதத்திலும் மீட்டரைப் பார்த்து எழுது.

காண்டிராக்டை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கச் சொல்கிறார்கள். ரோட் டாக்ஸ், இன்ஷூரன்ஸ், கொட்டகை வாடகை எல்லாவற்றையும் பார்த்தால் சரி என்று சொல்வதுதான் நல்லது. ஜோதிக்கு முத்தம்.

ஆம்ப்ரோஸ்


டன்லப் தெரு, சிங்கப்பூர்
26 செப்டம்பர் 1982

அன்புள்ள ஜோதி அப்பாவுக்கு,

உங்கள் மூத்த மனைவி சௌக்கியம். ஞாயிறுதோறும் பதினைந்து நிமிடம் உறுமுகிறாள், கொட்டகை முழுக்கப் புகை விடுகிறாள், பிறகு போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். மீட்டர் 9,412.

மூத்தவள் என்று சும்மா சொல்லவில்லை. அவள் வந்தது ஜூன் மாதம், நான் தாலி கட்டிக்கொண்டது செப்டம்பரில். மூன்று மாதம் எனக்கு மூத்தவள்தான். உங்கள் கடிதத்தில் அவளுக்கு இருபது வரி, ஜோதிக்கு ஒரு முத்தம். நான் எண்ணிப் பார்த்தேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். தெம்பனிஸில் நமக்கு அரசாங்க வீடு ஒதுக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் சாவி தருவார்களாம். அங்கிருந்து கோயிலுக்கும் ஜோதியின் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். மஜீது பாய் கடைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள்: கார் பத்து வயதைத் தொடுவதற்குள் ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிட்டால் புதுக் காருக்கு வரி குறையுமாம், தாண்டிவிட்டால் அந்தச் சலுகையும் போய் ரோட் டாக்ஸும் கூடுமாம். மூத்தவளுக்கு வருகிற ஜூனோடு பத்து வயது. ஒரு சின்ன ஜப்பான் கார் எடுத்துக்கொண்டு நீங்கள் ஊருக்கு வந்துவிடலாம். இந்தக் காருக்குச் செலவு செய்வதற்காக நீங்கள் அங்கே இருக்கிறீர்கள், நீங்கள் அங்கே இருப்பதால் இந்தக் கார் இங்கே ஓடாமல் கிடக்கிறது. இதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜோதிக்கு மழை வந்தால் இழுப்பு வருகிறது. டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். “அப்பா எப்ப வருவாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பிலோமினா


செரியா
24 அக்டோபர் 1982

பிலோ,

ஸ்கிராப் என்ற வார்த்தையை இனி எழுதாதே. இரும்புக் கடைக்காரன் நசுக்கிப் போடுவதற்கா அதை இவ்வளவு வருடம் காப்பாற்றினேன்? எல்லாரும் பத்து வருடத்தில் நசுக்குவதால்தான் மிச்சம் இருப்பதற்கு மதிப்பு ஏறும். அறுபதில் இன்னும் எத்தனை உயிரோடு இருக்கும் என்று யோசித்துப் பார்.

பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்த ஹாங்காங்காரர் ஒருவருக்கு எழுதினேன். திரு. லாவ் என்று பெயர். இப்படிப்பட்ட கார்களைச் சேர்க்கிறவர். மே மாதம் சிங்கப்பூர் வந்து பார்க்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். தகடு, மைலேஜ் இரண்டும்தான் கேட்டார். காண்டிராக்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜோதிக்கு இழுப்பு வந்தால் நெஞ்சில் தைலம் தேய்த்துவிடு. மீட்டர் எழுத மறக்காதே.

ஆம்ப்ரோஸ்


டன்லப் தெரு
20 டிசம்பர் 1982

அன்புள்ள ஜோதி அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. உங்கள் பணம் வந்தது. இந்த மாதம் வேலை அதிகம், நிறைய எழுத முடியவில்லை. ஜோதி வரைந்த குடில் படம் ஒன்று வைத்திருக்கிறேன். மாட்டுக்கு ஐந்து கால் போட்டிருக்கிறாள், ஏன் என்று கேட்டால் ஒன்று வாலாம்.

பிலோமினா


செரியா
16 ஜனவரி 1983

பிலோமினாவுக்கு,

போன கடிதத்தில் மீட்டர் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று விட்டுவிட்டேன். முந்தாநாள் சித்தப்பா மகன் மரியஅந்தோணியிடமிருந்து கடிதம் வந்தது. அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்: “டிசம்பர்ல ஒரு நாள் நல்ல மழைங்கண்ணே. செலிகி ஜங்ஷன்ல உங்க காரைப் பார்த்தேன். மஜீது பாய்தான் ஓட்டிட்டுப் போனாரு. பக்கத்துல அண்ணி, தலையில முக்காடு போட்டிருந்தாங்க. கையக் காட்டினேன், பார்த்தும் பார்க்காத மாதிரி போயிட்டாங்க.”

கியரில் போடாதே என்று சொன்ன கார் செலிகிக்கு எப்படிப் போனது? மஜீது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். அந்த உரிமையில் சாவியைக் கேட்டானா, நீ கொடுத்தாயா? மழையில் முக்காடு போட்டுக்கொண்டு எங்கே போனீர்கள்? எனக்கு எழுதாமல் மறைக்கும்படி அப்படி என்ன காரியம்?

நான் எதையும் மனதில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. இல்லை, வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. மீட்டர் எவ்வளவு?

ஆம்ப்ரோஸ்


டன்லப் தெரு
30 ஜனவரி 1983

ஜோதி அப்பாவுக்கு,

மீட்டர் எழுத மாட்டேன். வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மஜீது பாயைப் பற்றி எழுதியதை இன்னொரு தடவை படிக்க எனக்கு மனம் வரவில்லை. அதை அவர் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன். அந்த மட்டுக்கும் உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

பிலோமினா


செரியா
13 பிப்ரவரி 1983

பிலோமினாவுக்கு,

கேட்டதற்குப் பதில் சொல்லத் திராணியில்லாதவர்கள்தான் இப்படிக் கோபப்படுவார்கள். மரியஅந்தோணிக்கு எழுதிவிட்டேன். வருகிற ஞாயிறு வீட்டுக்கு வருவான். கார் சாவியையும் கொட்டகைச் சாவியையும் அவனிடம் கொடுத்துவிடு. லாவ் வரும்வரை கார் அவன் பொறுப்பு. கொடுக்கவில்லை என்றால் நம் இருவருக்கும் பேச எதுவும் இல்லை.

ஆம்ப்ரோஸ்


டன்லப் தெரு
27 பிப்ரவரி 1983

ஜோதி அப்பாவுக்கு,

உங்கள் தம்பி வந்தார். காப்பி கொடுத்தேன், சாவி கொடுக்கவில்லை. ஜோதியைப் பார்த்ததும் அவரே, “என்ன அண்ணி, புள்ள இப்படி எலும்பா இருக்கு?” என்று கேட்டார். அதற்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு என்ன செய்வீர்கள், பதறுவீர்கள், அவ்வளவுதானே என்று நினைத்தேன். பிறகு நீங்கள் அந்தக் கடிதம் எழுதினீர்கள். அதற்கப்புறம் பிள்ளையின் பெயரைச் சொல்லி நான் நல்லவள் என்று உங்களிடம் நிரூபிக்க வேண்டுமா என்று ஆங்காரம் வந்துவிட்டது.

டிசம்பர் ஒன்பதாம் தேதி மத்தியானம் நல்ல மழை. டன்லப் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். ஜோதிக்கு இழுப்பு வந்து மருந்துக்கு அடங்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது. மில்லில் இருக்கும் போன் மழையில் செத்துக் கிடந்தது. டாக்ஸி ஒன்றுகூட இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் நிற்கிறேன். உள்ளே கார். சாவி என் முந்தானையில். எனக்கு ஓட்டத் தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. உங்களையும் காரையும் சேர்த்துச் சபித்தேன்.

தனசேகரன் ஓடிப்போய் சையத் ஆல்வி ரோட்டிலிருந்து மஜீது பாயைக் கூட்டிவந்தார். கூடவே அவர் மனைவி சம்சுன்னிசாவும் வந்தார். பாய் சாவியைத் திருகியதும் முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பதினைந்து நிமிடம் வீண் போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அது ஸ்போர்ட்ஸ் கார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மரியஅந்தோணி முன் சீட்டைப் பார்த்தார். பின் சீட்டைப் பார்க்கவில்லை. அங்கே சம்சுன்னிசா மடியில் உங்கள் மகள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தாள். பாய் ஹார்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒன்பது நாள் அங்கே இருந்தாள். இப்போது தேறிவிட்டாள்.

அவள் வீடு திரும்பிய வாரமே கார் ஓட்டப் படிக்க எல் போர்டு வாங்கினேன். பாய் ஒரு சீன மாஸ்டரை ஏற்பாடு செய்தார். நம் காரிலேயே படிக்கிறேன். லைசென்ஸ் வாங்காமல் விட மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிழைத்தால் அவளைக் கொண்டுவந்த வாகனத்தையே உனக்குக் கொடுக்கிறேன் என்று. கை குணமானால் வெள்ளிக் கை வைக்கிறோம், வீடு அமைந்தால் வெள்ளி வீடு வைக்கிறோம். முழுக் காரையும் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. டாஷ்போர்டில் அதன் எண்ணைப் பொறித்திருந்த தகடு எனக்குப் பொருத்தமாகப் பட்டது. இந்த மாதம் பதினோராம் தேதி, லூர்து மாதா திருநாளில், நாலு ஸ்க்ரூவையும் கழற்றிக் கொண்டுபோய், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் காணிக்கைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

பிலோமினா


செரியா
20 மார்ச் 1983

என் பிலோ,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டும் அளவுக்கு அழுதேன். மஜீதுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். என்ன எழுதினேன் என்று அவனே சொல்வான். ஜோதியின் போட்டோ ஒன்று அனுப்பு, இப்போது எப்படி இருக்கிறாளோ அப்படியே.

ஆனால் பிலோ, அந்தத் தகடு. நீ அறிந்து செய்யவில்லை. உனக்கு அது பித்தளை. அது இல்லாவிட்டால் அந்தக் காரும் தெருவில் ஓடுகிற பழைய கார்களில் ஒன்று. ஒன்பது வருடம் காத்ததெல்லாம் போய்விடும். நீ ஃபாதரிடம் பேசிப் பார். அதே அளவில் வெள்ளித் தகடு செய்து அதே எண்ணைப் பொறித்துக் கொடுக்கிறேன். பித்தளைக்குப் பதில் வெள்ளி. மாதாவுக்கு அதில் நஷ்டம் இல்லையே?

நான் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆம்ப்ரோஸ்


டன்லப் தெரு
17 ஏப்ரல் 1983

அன்புள்ள ஜோதி அப்பாவுக்கு,

கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மாட்டேன். பிள்ளையையும் திருப்பி எடுத்துக்கொள் என்று அர்த்தமாகிவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் சிரித்தாலும் சரி.

போட்டோ வைத்திருக்கிறேன். இரண்டு தடவை டெஸ்டில் தோற்றுவிட்டேன். மூன்றாவது தடவை அடுத்த வாரம்.

பிலோமினா


டன்லப் தெரு
15 மே 1983

அன்புள்ள ஜோதி அப்பாவுக்கு,

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அதை அப்புறம் எழுதுகிறேன். நேற்று உங்கள் லாவ் வந்தார்.

மஜீது பாயையும் கூட இருக்கச் சொல்லியிருந்தேன். லாவ் நல்ல மரியாதையான மனிதர், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் எட்டுத் தும்மல் தும்மினார். நம் மில் யாரையும் விடுவதில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, குனிந்து அடியில் பார்த்து, மீட்டரைப் பார்த்து முகம் சுளித்தார். டாஷ்போர்டில் நாலு ஓட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“பிளேட் எங்க, மேடம்?” என்று இங்கிலீஷில் கேட்டார். கோயிலில் இருக்கிறது என்றேன். பாயும் அவரும் கொஞ்ச நேரம் வேகமான இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். பாயின் முகம் மாறியது.

“என்ன பாய் சொல்றாரு?”

“அவருக்குக் காரே வேணாமாம், தங்கச்சி. தகடு மட்டும் போதுமாம். முழுக் காருக்குக் கொடுக்க இருந்த விலைல முக்கால்வாசி தகட்டுக்கே தர்றாராம்.”

“காரில்லாம தகட்ட வச்சு என்ன பண்ணுவாரு?”

“இதே மாதிரி வண்டி ஒன்னு கோலாலம்பூர்ல வச்சிருக்காராம். ஆக்சிடென்ட்டுல தகடு போயிருச்சாம். இதை அதுல மாட்டிட்டா அதுதான் முப்பத்தொன்னு.”

“அப்ப இது?”

பாய் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. லாவுக்கே புரிந்துவிட்டது. காரை ஒரு தட்டுத் தட்டி, “இது சும்மா பழைய கார், மேடம்” என்றார். பொல்லாதவர் மாதிரிச் சொல்லவில்லை, டாக்டர் சொல்வதைப் போலச் சொன்னார்.

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன். இனி உங்கள் இஷ்டம். ஃபாதரிடம் நான் கேட்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். ஆனால் நீங்கள் எழுதிக் கேட்டால் குறுக்கே நிற்கவும் மாட்டேன், ஒன்பது வருடம் காத்தது நீங்கள். லாவ் இந்த மாதக் கடைசிவரை இங்கே இருப்பாராம். உங்கள் பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

பிலோமினா


செரியா
24 மே 1983

என் அன்பு பிலோவுக்கு,

ஃபாதருக்கு எழுதிவிட்டேன். பயப்படாதே. ஹாங்காங்காரர் ஒருவர் வந்து தகட்டைக் கேட்டால் என்ன விலை சொன்னாலும் கொடுக்க வேண்டாம், பெட்டிக்குள் சும்மா வைத்திருந்தால் நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுங்கள், ஸ்க்ரூவுக்கான காசு நான் அனுப்புகிறேன் என்று எழுதினேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைக்கப்போகிறார்.

உன் கடிதத்தில் அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ‘அதுதான் முப்பத்தொன்னு.’ அடிபட்டுக் கிடக்கிற எவனோ ஒருவனுடைய கார், நம் தகட்டை மாட்டியதும் ஸ்பெஷல் ஆகிவிடுமாம். பிள்ளையை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்த கார் சும்மா பழைய காராம். பத்திரிகையில் போட்டிருந்த விலை எதுவும் பொய் இல்லை. உலகம் அப்படித்தான் விலை போடுகிறது, ஏறினாலும் ஏறும். ஆனால் நான் நினைத்திருந்த பொருள் அது இல்லை. எஞ்சினுக்கு, ஓட்டத்துக்கு, அந்தக் காருக்கே ஒரு மதிப்பு என்று நினைத்தேன். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் போய்விடுகிற மதிப்புக்காக உங்களை விட்டுவிட்டு இங்கே கிடந்திருக்கிறேன். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, லாவ் மேல் இல்லை.

மேனேஜரிடம் பேசினேன். காண்டிராக்டைப் பாதியில் விடுவதற்கு முணுமுணுத்தார், பிறகு விட்டுவிட்டார். ஜூன் பதினெட்டு சனிக்கிழமை மத்தியான விமானத்தில் வருகிறேன். திங்கட்கிழமையோடு காருக்குப் பத்து வயது. அதற்குள் ஸ்கிராப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று நீ சொன்னால் கொடுத்துவிடுவோம். நான் வாய் திறக்க மாட்டேன். மீட்டரைப் பற்றி இனி ஒரு நாளும் கேட்க மாட்டேன்.

ஆம்ப்ரோஸ்


டன்லப் தெரு
9 ஜூன் 1983

என் அன்புள்ள ஜோதி அப்பாவுக்கு,

ஃபாதர் போன ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். “ஒங்க வீட்டுக்காரர் ஸ்க்ரூவுக்குக் காசு அனுப்பியிருக்காரும்மா, எந்த சைஸ்னு எழுதல” என்றார். மஜீது பாய் நாலு ஸ்க்ரூ கொடுத்தார், நானே போய் இறுக்கிவிட்டு வந்தேன்.

ஸ்கிராப்பா? யார் காரை யார் ஸ்கிராப்புக்குக் கொடுப்பது? மூத்தவள் இப்போது என் பக்கம். ரோட் டாக்ஸ் கூடினால் கூடட்டும், நான் தையல் தைத்துக் கட்டுகிறேன். தெம்பனிஸுக்குச் சாமான் ஏற்றுவதும் இதில்தான். உங்களுக்கு ஜப்பான் கார் வேண்டுமென்றால் நீங்கள் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலு ஓட்டையை அடைக்கவில்லை. ஜோதி அதில் ஆளுக்கொரு ஓட்டை என்று பெயர் வைத்திருக்கிறாள். ஒன்று அவள், ஒன்று நான், ஒன்று சம்சுன்னிசா மாமி. நாலாவது உங்களுக்கு, வந்தால் தருகிறாளாம்.

சனிக்கிழமை சாங்கி ஏர்போர்ட்டில் வெளியே வந்ததும் டாக்ஸி வரிசையில் போய் நிற்காதீர்கள். நாங்கள் வந்திருப்போம். ஓட்டுகிற பக்கம் வந்து கதவைத் திறக்காதீர்கள், உங்கள் சீட் இந்தப் பக்கம். வழியில் பிரேக்கைப் பிடி, கியரை மாற்று என்று பாடம் நடத்தினால் தெருவில் இறக்கிவிடுவேன்.

இன்றைய மீட்டர் 9,846. நீங்கள் கேட்கவில்லை, நானாக எழுதுகிறேன். சாங்கி போய்த் திரும்பினால் இன்னும் இருபது மைலுக்கு மேல் கூடும். கூடட்டும்.

பிலோமினா